பேரழிவு ஆயுதங்களுக்கு ஒரு பூட்டு

(பொன்விழா நவநாளின் ஆறாம் நாள் மாலை, ஆலய முற்றத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நவநாளின் ஒவ்வொரு மாலைக்கும் ஒரு பொருளைக் குறித்த பங்குப் பேரவையினர், ஆறாம் நாளுக்கு ‘உலக சமாதானம்’ என்று எழுதி, அதற்கெதிரே நமது பெயரைப் போட்டுவிட்டார்கள். சமாதானம் என்னும் சொல்லை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் இனிமையாகப் பேசிவிட்டு இறங்குவது பெரிய காரியமல்ல. குருமடத்தில் அதற்கெல்லாம் பயிற்சி தந்துதான் அனுப்புகிறார்கள். ஆனால் அப்படிப் பேசினால் நாளைக் காலை உங்களில் ஒருவர் நினைவிலும் ஒன்றும் தங்காது. ஆகவே ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு நகரத்தையே நொடிப்பொழுதில் அழிக்கும் அணுகுண்டு, மூச்சை அடைக்கும் நச்சுவாயு, நோயைப் பரப்பும் கிருமி ஆகிய மூன்றையும் பேரழிவு ஆயுதங்கள் என்கிறோம். இவை நாட்டுக்கு நாடு பரவிவிடாமல் தடுப்பவர் யார்? எப்படித் தடுக்கிறார்கள்? அந்தத் தடுப்பு எங்கே ஓட்டையாய் இருக்கிறது? இவை வல்லரசுகளின் விவகாரமாயிற்றே, பங்குச் சாமியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, நாகசாகி நகரின் கதையைச் சொல்லுவதே தக்க பதிலாகும்.

1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து நம் முன்னோருக்குச் செபம் சொல்லிக் கொடுத்த புனித சவேரியார், 1549ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பான் நாட்டுக் கரையில் இறங்கினார். அங்கே முளைத்த விசுவாசம் கொடிய வேதகலாபனைக்கு உள்ளாயிற்று. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குருவும் இல்லை, திருப்பலியும் இல்லை; ஞானஸ்நானமும் சில செபங்களும் மட்டும் வீட்டுக்குள்ளே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தன. 1865இல் நாகசாகியில் புதிதாய் எழுந்திருந்த ஒரு கோவிலுக்கு வந்து, நாங்களும் உங்கள் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களே என்று இரகசியமாய்ச் சொன்ன மக்கள், ஊரக்காமி என்னும் பகுதியினர். அவர்கள் பின்னும் நாடுகடத்தப்பட்டார்கள், திரும்பி வந்தார்கள், எந்த இடத்தில் தங்கள் முன்னோர் திருச்சுரூபங்களை மிதிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்களோ அந்த நிலத்தையே விலைக்கு வாங்கிக் கோவில் கட்டினார்கள். 1895இல் தொடங்கிய அந்தச் செங்கல் ஆலயம் எழும்பி முடியக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நமது ஆலயம் கட்டத் தலைச்சுமையாய் மணல் சுமந்த பெரியவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1945 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை. விண்ணேற்புத் திருவிழாவுக்கு ஆயத்தமாக அந்த ஆலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலை 11.02க்கு, ஆலயத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் தொலைவில், வானத்தில் குண்டு வெடித்தது. உள்ளே இருந்த குருக்கள் இருவரும் மக்களும் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஊரக்காமியின் 12,000 கத்தோலிக்கரில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள். வேதகலாபனையில் இருநூறு ஆண்டுகள் தாங்கிய சபையை ஒரு குண்டு ஒரே காலையில் பொசுக்கிவிட்டது. அக்குண்டை எடுத்துச் சென்ற விமானப் பிரிவுக்கு ஆன்ம குருவாக இருந்தவர் ஜார்ஜ் ஸபெல்கா என்னும் கத்தோலிக்கக் குரு. பிற்காலத்தில் அவர் ஊர் ஊராகப் போய், அன்று தாம் மௌனமாயிருந்ததைச் சொல்லி வருந்தினார். குருக்களாகிய எங்களுக்கு அந்த வரலாறு எளிதில் செரிக்காது.

இப்போது ஒரு கணக்கைக் கவனியுங்கள். அந்தக் குண்டினுள் இருந்த புளூட்டோனியம் ஆறு கிலோவுக்குச் சற்று மேல். கனமான உலோகமாதலால், உருட்டினால் ஒரு மாதுளம்பழ அளவுதான் வரும். ஒரு துணிப்பையில் அடங்கக்கூடிய அந்த அளவைத்தான் உலகம் காவல் காக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் தரும் அணு உலையிலும் அது உண்டாகிறது. எரிந்த எரிபொருளைக் கரைத்துப் பிரித்தால் கிடைத்துவிடும். அதுபோலவே யுரேனியத்தைச் சிறிது செறிவூட்டினால் உலைக்கு எரிபொருள், மிகுதியாகச் செறிவூட்டினால் குண்டுக்கு மருந்து. இரண்டுக்கும் இயந்திரம் ஒன்றே. தீமைக்கு ஒரு தொழிற்சாலை, நன்மைக்கு வேறொரு தொழிற்சாலை என்று இருந்தால் வேலை சுலபமாயிருக்கும். அப்படி இல்லாததனாலேயே இந்த ஆயுதத்தை அடக்குவது இவ்வளவு சிரமமாயிற்று.

1963இல் அமெரிக்க அதிபர் கென்னடி, 1970களில் 15 முதல் 25 நாடுகள் வரை அணு ஆயுதம் வைத்திருக்கக்கூடும் என்று தம் அச்சத்தை வெளியிட்டார். அவர் அப்படிப் பேசியதற்குச் சில மாதங்களுக்கு முன்தான், 1962 அக்டோபரில், கியூபா விவகாரத்தில் உலகம் மயிரிழையில் தப்பியிருந்தது. நோயாளியாயிருந்த திருத்தந்தை 23ஆம் யோவான் வத்திக்கான் வானொலியில் இரு தரப்பாரையும் மன்றாடினார். அடுத்த ஏப்ரலில் ‘உலகில் சமாதானம்’ என்னும் சுற்றுமடலை எழுதி வெளியிட்டார். அதே ஜூனில் இறைவனடி சேர்ந்தார். கென்னடி அஞ்சியபடி நடந்ததா? இல்லை. இன்று அணு ஆயுதமுள்ள நாடுகள் ஒன்பது: அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வடகொரியா. ஒன்பதும் அதிகம்தான். ஆயினும் இருபத்தைந்து அல்ல. இது தானாக நடந்ததென்று எண்ணிவிடலாகாது.

இதற்கு வித்திட்டது ஒரு வல்லரசு அல்ல, சின்னஞ்சிறு அயர்லாந்து. அதன் வெளியுறவு அமைச்சர் பிராங்க் எய்க்கன் 1958 முதல் ஐக்கிய நாடுகள் சபையில் இதையே பேசிக்கொண்டிருந்தார். 1961இல் அவரது தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. அதன் கனியாக 1968 ஜூலை 1இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்து, 1970 மார்ச் 5இல் அமலாயிற்று. வத்திக்கானும் 1971இல் அதில் சேர்ந்தது. ஒப்பந்தத்தின் சாரம் ஒரு பேரம். ஆயுதம் இல்லாதவர்கள், ‘நாங்கள் செய்யமாட்டோம், எங்கள் உலைகளை வந்து பாருங்கள்’ என்கிறார்கள். ஆயுதம் உள்ளவர்கள், ‘நாங்கள் யாருக்கும் கொடுக்கமாட்டோம், எங்களுடையதையும் ஒழிப்பதற்கு நேர்மையாகப் பேச்சு நடத்துவோம்’ என்கிறார்கள். அணுவின் சமாதானப் பயன் எல்லாருக்கும் பொது.

வந்து பார்ப்பது என்றால் எப்படி? வியன்னா நகரில் 1957இல் தொடங்கிய சர்வதேச அணுசக்தி முகமை இந்த வேலையைச் செய்கிறது. நமது ஆலய உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டிருக்கிறோம். ஒரு சாவி பங்குத் தந்தையிடம், மற்றது பேரவைச் செயலாளரிடம். எண்ணும்போது நாலுபேர் கூட இருக்க வேண்டும். இதனால் பங்குத் தந்தையைத் திருடன் என்று யாரும் சொல்வதாகாது; பணம் எல்லாருடையதாதலால் கணக்கும் எல்லாருக்கும் தெரியவேண்டும், அவ்வளவே. முகமையின் பரிசோதகர்களும் உலைக்குள் எத்தனை எரிபொருள் கட்டுகள் போயின, எத்தனை வெளிவந்தன, குளத்தில் எத்தனை கிடக்கின்றன என்று எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார்கள். முத்திரை வைக்கிறார்கள், காமிராவைப் பொருத்திவிட்டுப் போகிறார்கள். எட்டு கிலோ புளூட்டோனியம் கணக்கில் குறைந்தால் ஒரு குண்டு போயிற்று என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. நம் தென்கோடியில் ரஷ்ய உதவியோடு எழுந்த கூடங்குளத்து முதல் இரண்டு உலைகளும் இந்தக் கண்காணிப்புக்கு உட்பட்டவையே. (அந்த உலைகளைப் பற்றி நம் கடற்கரை மக்களுக்கு வேறு அச்சங்கள் உண்டு. அது வேறொரு மாலைக்குரிய பேச்சு.)

இந்த எண்ணும் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு வடகொரியாவே சாட்சி. 1992இல் அந்நாடு, தான் பிரித்தெடுத்த புளூட்டோனியம் ஏறக்குறைய 90 கிராம்தான், அதுவும் ஒரே தடவைதான் என்று முகமையிடம் எழுதிக் கொடுத்தது. பரிசோதகர்கள் அங்கே சிறு பருத்தித் துணியால் துடைத்தெடுத்த தூசியைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்தபோது, பல தடவை பிரித்தெடுத்திருப்பது வெளிப்பட்டது. பொய்யைத் துடைத்த தூசியே காட்டிக் கொடுத்துவிட்டது! ஆனால் கண்டுபிடிப்பது வேறு, தடுத்து நிறுத்துவது வேறு. 2003இல் வடகொரியா ஒப்பந்தத்தைவிட்டு விலகுவதாய் அறிவித்தது; 2006 அக்டோபரில் குண்டை வெடித்தும் காட்டியது.

ஈராக்கின் கதை இதற்கு நேர் எதிர். 1991 யுத்தத்துக்குப் பின் அங்கே இரகசிய அணு ஆயுத முயற்சி இருந்தது தெரியவந்து, பரிசோதகர்கள் அதைக் கலைத்தார்கள். 2003இல், மறுபடியும் ஆயுதம் இருக்கிறதென்று அமெரிக்காவும் பிரிட்டனும் சாதித்தன. தேடிக்கொண்டிருந்த பரிசோதகர்கள் இன்னும் சில மாதம் கொடுங்கள் என்று கேட்டார்கள். திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் கர்தினால் எச்செகரேயைப் பாக்தாதுக்கும், கர்தினால் பியோ லாகியை வாஷிங்டனுக்கும் அனுப்பித் தடுத்துப் பார்த்தார். மார்ச் மாதத்தில் யுத்தம் மூண்டது. பின்பு நாடு முழுவதும் சல்லடை போட்டுத் தேடியும் அப்படிப்பட்ட ஆயுதக் குவியல் எதுவும் அகப்படவில்லை. எண்ணுகிறவனை நம்பாமல் குண்டு போட்டால் என்ன ஆகுமென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆயினும் அதே பாதைதான் மறுபடி. ஈரானோடு 2015இல் நுணுக்கமான ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. 2018இல் அமெரிக்கா அதைவிட்டு விலகிற்று. ஈரான் செறிவூட்டலை 60 விழுக்காடு வரை உயர்த்திற்று. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் அதன் நிலையங்களின் மேல் குண்டு வீசின. அடுத்த மாதமே ஈரான் முகமையோடு ஒத்துழைப்பதை நிறுத்திவைத்தது. கட்டிடங்கள் இடிந்தன, கணக்கும் கைவிட்டுப் போயிற்று.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. தென்னாப்பிரிக்கா ஆறு அணுகுண்டுகளைச் செய்து வைத்திருந்தது. அதிபர் டி கிளார்க் காலத்தில் அவற்றைக் கழற்றிவிட்டு, 1991இல் ஒப்பந்தத்தில் சேர்ந்து, 1993 மார்ச் 24இல் பாராளுமன்றத்தில் உண்மையை வெளியிட்டது. பரிசோதகர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கணக்குச் சரிதான் என்றார்கள். வெள்ளையர் ஆட்சி முடியப் போகிறதே, இது கறுப்பின மக்களின் அரசிடம் போய்ச் சேரலாமா என்ற எண்ணமும் காரணம் என்று சொல்லுவோர் உண்டு, இருக்கலாம். மனம் எதுவாயினும் குண்டு ஒழிந்தது நன்மையே. இலத்தீன் அமெரிக்க நாடுகள், பெரும்பாலும் கத்தோலிக்க நாடுகள், 1967இலேயே தங்கள் கண்டத்தில் அணு ஆயுதம் வேண்டாமென்று உடன்படிக்கை செய்துகொண்டன. அதற்கு உழைத்த மெக்சிகோ நாட்டு கார்சியா ரோப்ளெஸ் 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

நச்சுவாயுவிலோ இன்னும் அதிக வெற்றி. 1988இல் ஹலாப்ஜா என்னும் குர்து ஊரில் தாய் பிள்ளையை அணைத்தபடி மடிந்து கிடந்த படங்களைக் கண்ட உலகம், 1993இல் ஓர் ஒப்பந்தம் செய்து, 1997இல் ஹேக் நகரில் அதற்கென ஓர் அமைப்பையும் தொடங்கிற்று. நாடுகள் கணக்குக் காட்டிய 72,000 டன்னுக்கு மேற்பட்ட நஞ்சு முழுவதும் பரிசோதகர் கண்முன்னே அழிக்கப்பட்டது. 2023 ஜூலையில் அமெரிக்கா கடைசியாய் முடித்தது. நமது இந்தியாவும் தன்னிடமிருந்ததை ஒளிக்காமல் சொல்லி, 2009இலேயே அழித்து முடித்தது. இதை நம் பாடப் புத்தகங்கள் ஏனோ சொல்வதில்லை. சிரியா மட்டும் 2013இல் கணக்குக் கொடுத்த பின்னும் நச்சுவாயு வீசியதை அதே அமைப்பின் விசாரணையாளர் அறிக்கையாய் எழுதினார்கள். நோய்க்கிருமிக்கோ 1972இல் செய்த ஒப்பந்தம் இருக்கிறது. எண்ணிப் பார்க்க ஆளில்லை. சோவியத் நாட்டில் 1979இல் ஓர் ஆயுதக் கூடத்திலிருந்து கசிந்த ஆந்திராக்ஸ் கிருமியால் 60க்கு மேற்பட்டோர் இறந்ததை, கெட்ட இறைச்சியால் வந்த நோய் என்று பல ஆண்டுகள் சாதிக்க முடிந்தது அதனால்தான்.

அப்படியானால் அணு ஆயுதத்தில் மட்டும் ஏன் இந்த இழுபறி? பேரத்தின் மறுபாதியை உள்ளவர்கள் நிறைவேற்றவில்லை. 1986இல் 70,000 அளவில் இருந்த குண்டுகள் ஏறக்குறைய 12,000 ஆகக் குறைந்தது உண்மையே. ஆனால் அந்தக் குறைப்பு நின்றுபோய், உடன்படிக்கைகள் ஒவ்வொன்றாய் உதிர்கின்றன. 1987இல் ரீகனும் கொர்பசேவும் செய்த ஏவுகணை ஒப்பந்தம் 2019இல் முறிந்தது. 2015இலும் 2022இலும் கூடிய பரிசீலனை மாநாடுகள் ஒருமித்த முடிவின்றிக் கலைந்தன. வீட்டுக்காரன் தான் புகைத்துக்கொண்டே பிள்ளையை அடிப்பது போலாயிற்று. உக்ரைன் நாடு தன் மண்ணிலிருந்த சோவியத் குண்டுகளை 1994இல் பெற்ற உறுதிமொழியை நம்பித் திருப்பிக் கொடுத்தது. உறுதிமொழி தந்தவர்களில் ஒருவரான ரஷ்யாவே 2014இலும் 2022இலும் அதன்மேல் படையெடுத்தது. இதைப் பார்க்கும் சிறு நாடுகள் என்ன பாடம் படிக்கும் என்று சொல்லவேண்டுமா?

அடுத்து, நம் வீட்டுக் காரியம். இதைச் சொல்லாமல் மற்ற நாடுகளைக் குறைகூறி இறங்கினால் அது கோழைத்தனம். 1974 மே 18இல் பொக்ரானில் இந்தியா வெடித்த சாதனத்தின் புளூட்டோனியம், சமாதானக் காரியத்துக்கென்று கனடா உதவியால் கட்டிய உலையில் உண்டானது. அதன்பிறகுதான் அணுப்பொருள் விற்கும் நாடுகள் ஒன்றுகூடி, இன்னாருக்கு இன்னது விற்பதில்லை என்று கட்டுப்பாடு வகுத்தன. இந்தியா பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 1967க்கு முன் வெடித்த ஐவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதியா என்பது நம் அரசின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அதை மறுக்க நாம் வரவில்லை. ஆனால் அநீதிக்குப் பரிகாரம் அதே ஆயுதத்தை நாமும் எடுப்பதா? 1998 மே 11இலும் 13இலும் மறுபடி வெடித்தபோது நாம் குருமடத்தில் இருந்தோம். தெருவில் இனிப்பு வழங்கினார்கள். அம்மாதம் 28இல் பாகிஸ்தான் வெடித்தது. அங்கேயும் இனிப்பு வழங்கினார்கள். ஒரே மாதத்தில் இரு நாட்டு ஏழைகளும் முன்னைவிட ஆபத்தான உலகத்தில் கண்விழித்தார்கள், வாயில் சர்க்கரையோடு.

திருச்சபை இதில் என்ன சொல்லுகிறது? நகரங்களை மக்களோடு சேர்த்து அழிக்கும் செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமென்று 1965இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கண்டித்தது. பயமுறுத்துவதற்கென்று வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு, ஆயுதக் குறைப்பை நோக்கி நடக்கும் வழியில் ஒரு படியாக மட்டும் பொறுத்துக்கொள்ளலாம் என்று 1982இல் 2ஆம் அருள் சின்னப்பர் பதில் தந்தார். நாம் படித்த ஒழுக்கவியல் பாடம் அதுவே. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்தப் படியைவிட்டு யாரும் நகரவில்லை. ஆதலால் 2017இல் 122 நாடுகள் ஆதரித்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் வத்திக்கான் முதல் நாளிலேயே கையெழுத்திட்டது. 2019 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் ஹிரோஷிமாவில் நின்று, பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே ஒழுக்கத்துக்கு விரோதம் என்றார். அமெரிக்கக் குண்டு, சீனக் குண்டு, பாகிஸ்தான் குண்டு என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. நம்முடைய குண்டும் அதில் அடக்கம். தேசபக்தியுள்ள கத்தோலிக்கராகிய நமக்கு இது கசப்பாகத்தான் இருக்கும். நமக்கும் இந்த நாடு தாய்நாடு. அதனாலேயே இதை நம் மக்களிடம் நாமே சொல்ல வேண்டியிருக்கிறது.

இருளுக்குள்ளும் ஒரு சிறு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. நம்மில் அநேகர் அறியாதது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணு நிலையங்களை ஒருவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31இல் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1ஆம் நாள் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை இரு நாட்டுத் தூதரகங்கள் வழியே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். கார்கில் யுத்தத்துக்குப் பின்னும் கொடுத்தார்கள். 2025 மே மாதச் சண்டைக்குப் பின்னும் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தையெல்லாம் நின்றுபோன ஆண்டுகளிலும் அந்த ஒரு காகிதம் கைமாறிற்று.

ஜனவரி 1 நமக்கு இறைவனின் தாயாகிய மரியன்னையின் பெருவிழா. 1968 முதல் அதை உலக சமாதான நாளாகவும் கொண்டாடுகிறோம். நள்ளிரவுத் திருப்பலியில் புத்தாண்டு வாழ்த்தும் நாட்காட்டியும் கொடுத்து அனுப்புவதோடு முடித்துவிடுகிறோம். வருகிற ஜனவரி முதல், விசுவாசிகளின் மன்றாட்டில், அன்று பட்டியலைக் கொடுக்கிற கையையும் வாங்குகிற கையையும், வியன்னாவிலும் ஹேக்கிலுமிருந்து எண்ணப் புறப்படுகிற பரிசோதகர்களையும் நினைத்து ஒரு மன்றாட்டு சேர்க்கப்படும். அதை எழுதித் தரும்படி மறைக்கல்வி எட்டாம் வகுப்பு மாணாக்கரைக் கேட்டிருக்கிறோம். டிசம்பர் இரண்டாம் ஞாயிறுக்குள் எழுதி, மூத்த ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.